மீன்காரித் தலைக்கு மூன்று வேளைத் தண்ணீர்

போன கோடையில் ஒரு நகரத்துக் கவின்கலைக் கல்லூரியில் சகாயமேரி என்று ஒருத்தி சிற்பம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டு. வீட்டிலும் வகுப்பிலும் சகாயா. யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பாள்.

அந்தப் பருவத்துக்கு அவள் செய்தது ஒரு மீன்காரியின் தலை. களிமண்ணில், ஆளளவுக்குச் சற்றுப் பெரியது. வாய்விட்டுச் சிரிக்கிற தலை. சிரிப்பைச் செய்வது கஷ்டம். ஒரு நூல் தப்பினாலும் அழுவதுபோல் ஆகிவிடும். இருபது நாள் பாடுபட்டு அவள் அந்தச் சிரிப்பைப் பிடித்தாள். உதட்டைத் திறந்துவிட்ட அன்றே மண் பேச ஆரம்பித்தது. மீன்காரி ஆயிற்றே, வாய்க்குக் கேட்க வேண்டுமா?

களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். பிளாஸ்டர் அச்சு எடுக்கும்வரை மூன்று வேளை தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி வைக்க வேண்டும். துணி, அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் கிழித்தது. அது அதிகம் பேசாது. ஒரு பக்கம் மண் உறிஞ்சும், மறுபக்கம் காற்று உறிஞ்சும், நடுவில் அது பேசாமல் கிடக்கும்.

வீட்டில் பேசுகிறவை வேறு. பச்சைப் பிளாஸ்டிக் குடம் தெருக்குழாயடியில் வளர்ந்தது. "ஏ பொண்ணே, எழுந்திரு! தண்ணி வந்துருச்சு, நம்ம இடத்தப் புடிச்சுட்டாளுங்க!" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கூப்பாடு போடும். கலை வரலாற்று நோட்டு அதற்கு நேர்மாறு. தாசில்தார் ஆபீஸ் ஆள் மாதிரி நறுக்கென்று பேசும். போன பருவத்தில் அந்தப் பாடத்தில் சகாயா தோற்றிருந்தாள். நோட்டு அதை மறக்கவிடவில்லை.

அப்பா லூர்துசாமி லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அம்மா ஆறு மணிக்கே துணிக் கம்பெனி வேனில் போய்விடுவாள். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் சகாயா. முடித்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிப்பாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை கலை வரலாற்றுத் தேர்வு. வெள்ளிக்கிழமை சிற்பங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார்.

திங்கட்கிழமை அவள் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டே குழாயடிக்குப் போனாள்.

"மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைத் தூண். சொல்," என்றது நோட்டு.

"மேலயும் கீழயும் சதுரம்."

"நடுவில்?"

"நடுவுல..." அவள் கட்டைவிரல் தன்னையறியாமல் குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. மீன்காரியின் கீழுதடு இப்படித்தான் வளைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"எட்டுப் பட்டை. போன முறையும் இதைத்தான் விட்டாய்."

"அடியே, நான் வழியறேன்!" என்று கத்தியது குடம். "கனா காணாத. மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துரு. பெரியவரு தனியா கெடக்காரு."

"சரி," என்றாள் சகாயா.

"மூன்றிலிருந்து ஏழு வரை எனக்கு," என்றது நோட்டு.

"சரி."

கல்லூரிக்குப் போய்த் துணியைப் பிரித்ததும் மண் பிடித்துக்கொண்டது. "வந்தியா மகாராணி? என் கன்னத்தப் பாரு, நேத்து வச்சது அப்படியே தொங்குது. இன்னைக்கு இருட்டுற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

"சரி."

மூன்று பேருக்கும் அவள் எழுதிக் கொடுத்தது ஒரே சாயங்காலத்தை.

செவ்வாய்க்கிழமை பைக்குள்ளிருந்த நோட்டுக்கும் பீடத்திலிருந்த மண்ணுக்கும் நேருக்கு நேர் சண்டை வந்தது.

"என்னில் தோற்றால் அவளுக்குப் பட்டமே இல்லை," என்றது நோட்டு.

"எவனோ செஞ்சத எழுதி வச்சுக்கினு பேசுற. அவ கையால செய்யறது நான்தானே?"

"உன்னைப் பார்க்க ஒரு நாள் ஒருவர் வருவார். என்னை..."

"ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருக்கீங்களா?" என்றது ஈரத்துணி. "பாப்பாவுக்குக் கண்ணு செவந்து கெடக்கு."

அது சொன்னதை யாரும் கேட்கவில்லை. சகாயாவுமே கேட்கவில்லை. மண் கையோடு நோட்டின் பக்கத்தைப் புரட்டி, அது அழுக்கானதற்கும் திட்டு வாங்கினாள்.

புதன்கிழமை காலை தலையை நனைத்து, துணியைச் சுற்றி, கை கழுவும்போது பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. அப்பா தனியாக எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துவிட்டார். சகாயா ஓடினாள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, பழைய கட்டை வெட்டிப் புதுக்கட்டுப் போட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றியபோது கல்லூரி பூட்டும் நேரம் தாண்டியிருந்தது.

"உனக்குத்தான் செரமம்," என்றார் அப்பா.

"பரவால்லப்பா."

வியாழக்கிழமை நேராகத் தேர்வுக்குப் போனாள். தூண் வந்திருந்தது. எட்டுப் பட்டையும் எழுதினாள், படமும் போட்டாள். ஐந்தாம் கேள்விக்கு நடுவே ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்தபோது பேனா தாள் முழுக்க ஒரு கோட்டை இழுத்துவிட்டிருந்தது, மேற்பார்வையாளர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்திருந்தது.

சிற்பக்கூடத்தில் மேற்கு ஜன்னல் திறந்தபடி இருந்தது. அனல்காற்று. தலையைச் சுற்றியிருந்த துணி அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. பிரித்தபோது மொடமொடவென்று சத்தம் வந்தது.

"இருந்த அத்தனையும் குடுத்துட்டேன் பாப்பா," என்றது துணி, வறண்ட குரலில். "காலைலயே எங்கிட்ட தீந்துபோச்சு."

கீழுதட்டிலிருந்து தாடை வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. அவள் தொட்டதும் இடது கன்னம் பெயர்ந்து, சிரிப்பில் பாதியோடு தரையில் விழுந்தது. மிச்ச வாயால் மண் ஏதோ சொல்லப் பார்த்தது. காற்றுதான் வந்தது.

"ஐந்தாம் கேள்வியை ஏன் முடிக்கவில்லை?" என்றது பைக்குள்ளிருந்து நோட்டு.

வீட்டில் இருந்த குடத்தின் குரல்கூட அவள் காதில் விழுந்தது. "நாளைக்குத் தண்ணி வர்ற நாளு, மறந்துறாத!"

சகாயா வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

"முடியல," என்றாள். அவளுக்கே அது வேறு யார் குரலோபோல் கேட்டது. மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். "என்னால முடியல."

நோட்டு சட்டென்று அடங்கியது. குடத்தின் குரல் நின்றது. பொருள்கள் பேசும் என்று சகாயாவுக்கு எப்போதோ தெரியும். சகாயா பேசுவாள் என்று பொருள்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த பீடத்தில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்த பர்வீன் நிமிர்ந்தாள். கூடப் படிக்கிறவள்.

"என்னடி முடியல?"

சகாயா தரையில் உட்கார்ந்து சொன்னாள். கோர்வையாக வரவில்லை. அப்பா, ஆஸ்பத்திரி, தூண், குழாய் என்று முன்னும் பின்னுமாக வந்தது.

"லூசா நீ?" என்றாள் பர்வீன். "நேத்து சாயங்காலம் நான் இங்கதானே இருந்தேன். துணி சுத்தியிருந்துச்சா, நீ நனைச்சிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சுட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"உனக்கும் வேல இருக்குமேன்னு..."

"இருக்குதான். ஒரு மக் தண்ணி ஊத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

சகாயா எழுந்தாள். இருவருமாக, தலைக்குள் எலும்புபோல் நிறுத்தியிருந்த கம்பியிலிருந்து மண்ணைப் பெயர்த்து, உடைத்து, தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். மூக்கு, காது, மிச்சமிருந்த சிரிப்பு எல்லாம் குமிழ்விட்டுக்கொண்டு கரைந்தன. ஊறினால் மறுபடி பழைய மண். மண்ணுக்கு அந்த வசதி உண்டு. சகாயா தொட்டி ஓரத்தில் தலை சாய்த்து, தேம்பக்கூடத் தெம்பில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போய் நின்றாள். அவர் பதினைந்து நாள் கொடுத்தார், பத்து மதிப்பெண்ணைக் கழித்தார். "புதன்கிழமையே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பத்தும் இருந்திருக்கும்," என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சொன்னாள். அவர் கையை ஊன்றிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ சரி சரின்னு போயிக்கினே இருந்தியாம்மா, உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லன்னு நெனச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழாயடியில் ஒரு நாற்காலி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அவரைத் தாங்கி உட்கார வைப்பாள். லூர்துசாமி கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டார், நிறைந்ததை அக்கா தூக்கிப் போய் வைத்தாள். கிழவருக்கு வேகம் போதாது என்று குடம் ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தது. இரண்டு குடம் குறைவாகத்தான் கிடைத்தது. இரண்டு குடம் குறைவிலும் வீடு நடந்தது.

கலை வரலாற்றில் தேறினாள், மயிரிழையில். திரும்பச் செய்த தலையில் பழைய சிரிப்பு வரவே இல்லை. எத்தனையோ முறை அழித்து அழித்துச் செய்து பார்த்தாள். கடைசியில் வேறொரு சிரிப்பு வந்தது, கொஞ்சம் களைத்த சிரிப்பு. அதை அவள் அழிக்கவில்லை.

புது உதட்டைத் திறந்துவிட்டதுமே மண் ஆரம்பித்தது. "எங்க கெளம்புற? கண்ணு இன்னும் முடியல. இன்னைக்குப் பூரா நீ இங்கதான்."

"பர்வீன் உனக்குத் தண்ணி தெளிப்பா," என்றாள் சகாயா, கையைத் துடைத்துக்கொண்டே. "நான் போய்ச் சாப்பிட்டுட்டு வரேன்."