சுவரோரம் கற்பூரம்

மாடியேற முடியாத மகளுக்காக நாலாவது மாடி வீட்டை விற்கத் துடித்தாள் தையல்காரி பூங்காவனம். வெளிச்சுவரின் பளபளப்புத் தகடு தீப்பிடிக்கும் என்று, வாங்க வந்தவர்களுக்கெல்லாம் வங்கி கடன் மறுத்தது.

"எரியும்னு நிரூபி, அத்தனையும் மாத்தித் தரேன். ஆனா ஒரு தகட்டையும் பேர்க்கக் கூடாது!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார், கட்டடம் கட்டிய தண்டபாணி.

அமாவாசை வந்தது. கீழ்த்தளத்திலிருந்த தன் அலுவலகத்துக்குத் திருஷ்டி கழிக்க, பூசணிக்காயோடு நடுத்தெருவுக்குக் கிளம்பினார் அவர். குடியிருப்பே கூடி நின்றது.

"தெருவுல காத்தடிக்குதுண்ணே, குடுங்க!"

பூங்காவனம் காயை வாங்கித் தகட்டை ஒட்டி வைத்தாள். கற்பூரம் அடுக்கித் தீக்குச்சியை உரசினாள்.

"அடியேய், அணை! கட்டடமே பத்திக்கும்!" என்று அலறினார் தண்டபாணி.

கற்பூரத்தில் படுமுன் குச்சியை ஊதினாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? தகட்டைக் கழட்ட எப்பண்ணே ஆள் வருது?"