வீரணன் கண்ணில் கண்டுபிடித்த கிருமி

ஓடைக்கல்பட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள், அவ்வளவுதான் அவர்களிடம் உள்ள சிக்கல்.

திருவிழா நெருங்கும் நேரத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எல்லோருக்கும் ஊர்க் கிணற்றின் மேல் சந்தேகம். பானகம் கரைப்பதே அந்தத் தண்ணீரில்தான். அதனால் ஒரு தண்ணீர்க் கமிட்டி போட்டார்கள். தலைவர் சடையாண்டி. உறுப்பினர்கள் மொக்கசாமி, வீரணன், ஒச்சம்மா.

மதுரையிலிருந்து ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நிலோஃபர் வந்தார். வெற்றிலை நறுக்கு அளவுக்கு ஒரு காகித அட்டையைக் காட்டினார்.

"இந்தச் சிவப்புப் பொட்டு முழுக்கத் தங்கத் துகள். தலைமுடியை ஆயிரமா வகுந்தா வர்ற பங்கைவிடப் பொடிசு. கிருமி பட்டா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சிவப்பு நீலமாயிடும்."

"தங்கம் எங்கேயாவது சிவப்பா இருக்குமா மேடம்?" என்று ஒச்சம்மா தன் தோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ்வளவு பொடிசானா சிவப்பாத்தான் தெரியும். கையால தொடாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி போதும். கண்ணை எடுக்காம பாருங்க. நீலமாச்சுன்னா, அந்தத் தண்ணி வர்ற இடத்தை மூடிட்டு எனக்குப் போன் போடுங்க." சொல்லிவிட்டு அவர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்.

கையால் தொடக் கூடாதே! மொக்கசாமி அட்டையைக் கால் விரல் இடுக்கில் கவ்விக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தான். அட்டையைத் துவைக்கிற கல்லில் வைத்து, நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"யாராவது போய்த் தண்ணி இறைங்கப்பா" என்றார் சடையாண்டி.

"போனா கண்ணை எடுக்கணுமே, தலைவரே" என்றான் மொக்கசாமி.

ஆழமாக யோசித்தார்கள். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால் யாரும் நகரவில்லை. கண்ணை மூடித் திறந்தாலும் எடுத்த கணக்குதான் என்று ஒச்சம்மா சொன்னதால் இமைக்கவும் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. வீரணனுக்குக் கண் எரிந்து பொலபொலவென்று நீர் வழிய, ஒரு சொட்டு பொட்டின் மேலேயே விழுந்தது.

பொட்டு நீலமானது.

"கிருமி கிணத்துல இல்லை. வீரணன் கண்ணுல இருக்கு" என்று சடையாண்டி தீர்ப்புச் சொன்னார்.

"ஐயோ, எம் புள்ளைகளுக்கு நானா நோய் குடுத்தேன்?" என்று வீரணன் அழத் தொடங்கினான்.

"அழாதீங்கண்ணே, பரவிரும்!" என்று ஒச்சம்மா தள்ளி நின்றாள்.

தண்ணீர் வருகிற இடத்தை மூட வேண்டுமே. துண்டால் வீரணன் கண்ணைக் கட்டினார்கள். 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"மேடம், கிருமியைப் பிடிச்சாச்சு. மூடியும் விட்டோம்" என்று சடையாண்டி போன் செய்தார்.

"கிணத்தையா?"

"இல்லைங்க மேடம், வீரணனை."

டாக்டர் அலறியடித்துக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்தார். "கண்ணீர்ல உப்பு இருக்கு. உப்பு பட்டாலும் துகள் ஒட்டிக்கும்" என்று தேற்றினார். வீரணன் சந்தோஷத்தில் இன்னொரு பாட்டம் அழுதான். டாக்டர் புது அட்டையில் தானே கிணற்றுத் தண்ணீரைச் சொட்டினார். அதுவும் நீலமானது.

"கிணத்துலதான் கிருமி இருக்கு. இதைக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். மறந்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பார்க்க வந்தால், கிணற்றுக்கு மேற்கே தள்ளி ஒரு பெரிய பள்ளம். உள்ளே நாலு பேரும் மண்வெட்டியோடு.

"என்ன பண்றீங்க?"

"கிணத்தைக் கொதிக்க வைக்கணும்ல மேடம்? அடுப்பு அடியிலதானே இருக்கணும்? சரிவா வெட்டிக் கிணத்துக்குக் கீழே போறோம்" என்றார் சடையாண்டி.

அவர் வாய் மூடுவதற்குள் மொக்கசாமி போட்ட வெட்டில் பாறை பிளந்து ஊற்று பீறிட்டது. கழுத்தளவு தண்ணீரில் நாலு பேரும் நீந்திக் கரையேறினார்கள். "அடுப்பு நனைஞ்சுபோச்சே!" என்று ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் அந்தத் தண்ணீரையும் சோதித்தார். பொட்டு சிவப்பாகவே இருந்தது. மறுபடி சோதித்தார். அப்போதும் சிவப்புதான். அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"சுத்தமான ஊத்து! கொதிக்க வைக்க வேண்டாம். அப்படியே குடிக்கலாம்!" என்று கத்தினார்.

திருவிழா அன்று டாக்டரையும் அழைத்திருந்தார்கள். வந்து பார்த்தால், பள்ளத்தைச் சுற்றி ஊரே குப்புறப் படுத்து வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியோடு பூசாரி படுத்திருந்தார். பானகத்துக்கு வெல்லம் கொண்டுவந்தவனும், குடம் கொண்டுவந்த பெண்களும் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

"மேடம் 'அப்படியே'னு சொல்லியிருக்காங்க. குடம், தம்ளர், வெல்லம் எதுவும் ஆகாது!" என்று சடையாண்டி தடியோடு காவல் காத்தார்.

டாக்டரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம்! உங்களுக்குன்னு முன்வரிசையில பாய் விரிச்சு வெச்சிருக்கோம், படுங்க."