வண்டுகள் வெளியே போன வழி

நீ செய்தது அநியாயம். கதை நடத்துகிறவன் என்ற திமிரில், புரோட்டாக் கடையில் மாவு பிசையும் மாயழகுவை, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதைக்குள் ஆடும் நம் பகடை ஆட்டத்தில் எப்போதும் மூட்டை தூக்கியாகவே வைத்திருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைத் துரத்தவே கதையில் மலைக்கடியில் ஒரு சுரங்கத்தைக் கொண்டுவந்தாய். "உள்ளே லட்சம் வண்டு. ஒவ்வொண்ணும் ஆட்டுக்குட்டி சைஸ். வாளுக்கும் சாகாது, நெருப்புக்கும் சாகாது. தாண்டிப் போய்ப் புதையலைத் தொட்டா நீதான் தளபதி. செத்தா, அடுத்த வாரம் உனக்கு இங்க நாற்காலி கிடையாது!"

மாயழகு பகடையைத் தொடவே இல்லை. "இத்தனை வண்டும் என்னதாண்ணே தின்னுது?" என்று கேட்டான்.

உனக்குப் பெருமை தாங்கவில்லை. "விடிஞ்சதும் மொத்தமாக் கிளம்பி, மலைமேல இருக்கிற மாந்தோப்பையே மொட்டையடிச்சுட்டு, இருட்டினப்புறம்தான் திரும்பும்!"

"இந்த வாசல் வழியாவா?"

"இது மந்திரக் கதவுடா. மனுஷன் தொட்டாத்தான் திறக்கும்."

"அப்போ மலைமேல ஒரு ஓட்டை இருக்கு. என் ஆளு விடியற வரைக்கும் தோப்புல படுத்திருப்பான். வண்டெல்லாம் வெளியே வந்ததும் கயிறு கட்டி உள்ளே இறங்கிடுவான். கயிறு மூட்டையில இருக்குண்ணே. நீங்கதானே தூக்க வச்சீங்க?"

எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். நீ வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இதுல ஓட்டையே இல்லையே..."

"அப்போ வண்டு எப்படிண்ணே மாம்பழம் தின்னுச்சு?"

நேரமாகிவிட்டது என்று பகடையை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டினாய்.

அவனுக்கு உபதளபதி பதவி, பாதிப் புதையல் என்றெல்லாம் என்னிடம் பேரம் பேச வராதே. இந்த ஞாயிறு எல்லார் முன்னாலும், அவன் வேடத்தை எழுதிய சீட்டில் 'மூட்டை தூக்கி'யை அடித்துவிட்டு, உன் கையாலேயே 'தளபதி' என்று எழுது. மூட்டையை நீ தூக்கு.