கூதல்மேட்டு உப்புக்குழி

மலைக்கும் மேலே, மேகத்துக்கும் கீழே, இரண்டு ராஜாக்களுக்கு நடுவே ஒரு புல்வெளி இருந்ததாம். அதற்குப் பேர் கூதல்மேடு. மரம் என்றால் மேட்டின் மடிப்புகளில், ஓடை பிறக்கிற இடத்தில் மட்டும் நாலு மரம் குடை பிடித்தாற்போல் நிற்கும். மற்றதெல்லாம் புல். காற்றடித்தால் மேடு முழுக்க ஒரே எருமை முதுகு மாதிரி சிலிர்க்கும். அங்கே பிறக்கிற ஓடைகளில் மூன்று மேற்கே இறங்கி மேற்கு ராஜாவின் வயலுக்குப் போகும், மூன்று கிழக்கே இறங்கிக் கிழக்கு ராஜாவின் வயலுக்குப் போகும். "தண்ணி ரெண்டு பேருக்கும் போகுது, அப்போ மேடு யாருக்கு?" என்று கேட்கிறீர்கள், இல்லையா? அந்த ராஜாக்களும் அதையேதான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் சண்டைக்கும் வந்தார்கள்.

முதல் தடவை யானைப்படையோடு வந்தார்கள். மேலே பார்த்தால் பச்சைப் புல், காலை வைத்தால் சேறு. யானை எல்லாம் முழங்கால் வரை இறங்கிப் பிளிறிக்கொண்டே திரும்பிப் போயின. இரண்டாம் தடவை குதிரைப்படையோடு வந்தார்கள். மூடுபனி இறங்கியது. எதிரி எது, நம்மாள் எது என்று தெரியாமல் கிழக்குப்படை கிழக்குப்படையையே வெட்ட, மேற்குப்படை மேற்குப்படையையே குத்த, அதுவும் திரும்பிப் போனது. மூன்றாம் தடவை காலாள்படையோடு வந்தார்கள். அன்றைக்கு அடித்த குளிரில் விரல் மடங்கவில்லை, வேல் பிடிக்க முடியவில்லை. தூரத்தில் ஒரு நெருப்பு தெரிய, இரண்டு படையும் அடித்துப்பிடித்து ஓடி அதே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இரண்டு ராஜாக்களும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

அது யார் மூட்டின நெருப்பு? எருமைக்காரர்கள் மூட்டினது. ராஜாக்கள் வருவதற்கு முன்னாலிருந்தே அவர்கள்தான் அந்த மேட்டில் மேய்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு எல்லாம் சுடச்சுடப் பால் கொடுத்தார்கள். பால் உள்ளே இறங்கினதும் ராஜாக்களுக்குப் புத்தியும் இறங்கியது.

"தண்ணி நமக்கு வந்துக்கிட்டுத்தானே இருக்கு, புல்லு இவங்களுக்கே இருக்கட்டும்" என்றார் ஒருத்தர்.

"எல்லை எதுன்னு வைக்கிறது?" என்றார் இன்னொருத்தர்.

எருமைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் முதல் மழை பெய்து, புதுப்புல் தலைகாட்டியதும், கிழக்கு ஓரத்தில் ஒரு குழி, மேற்கு ஓரத்தில் ஒரு குழி, இரண்டிலும் ஓடைத் தண்ணீரில் ஒரு பானை உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். ஒவ்வொரு எருமையாகக் கூட்டிவந்து குடிக்கவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷத்து மேய்ச்சல். அதனால் ராஜாக்கள், "உப்புக்குழிக்கு உள்ளே இருக்கிற புல் முழுக்க எருமைக்காரங்களுக்கு. எந்த ராஜாவும் குழியைத் தாண்டி வரக் கூடாது" என்று சத்தியம் செய்து, அடையாளத்துக்கு ஒவ்வொரு குழியோரமும் ஒரு கல்லை நட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

அப்புறம் அந்த ராஜாக்கள் செத்தார்கள், மகன்கள் ஆண்டார்கள். அந்த மகன்களும் செத்தார்கள், பேரன்கள் ஆண்டார்கள். கிழக்கே பேரன் ராஜா ஆண்ட காலத்தில் எல்லைக்காவலுக்கு வந்தான் சிங்கராயன் என்று ஒருத்தன். வந்த அன்றைக்கே புல்வெளியைப் பார்த்தான், அவன் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே! உழவு இல்லை, வீடு இல்லை, வேலி இல்லை. இதுல ஒரு மாளிகை கட்டி, கூதல்மேட்டு நாயகன்னு பேர் வச்சிக்கிட்டா எப்படி இருக்கும்!" என்று நினைத்தானாம். சும்மா கிடக்கிறதாம்! நாற்பது எருமை வாயில் அசைபோட்டுக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தன, அது அவன் கண்ணில் படவில்லை.

மூடுபனி இறங்கின ஒரு பகலில் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஒரு கூப்பிடு தூரம் உள்ளே நட்டான். ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த பனியில் இன்னொரு கூப்பிடு தூரம். அதற்கடுத்த பனியில் இன்னொரு கூப்பிடு தூரம். இப்போது கிழக்கே பிறக்கிற மூன்று ஓடையும், வெயில் காலத்திலும் காயாத புல்லும் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த நாற்பது எருமைக்கும் சொந்தக்காரி கெம்பி. அவள் புருஷன் ஜோகி, நல்லவன்தான், வாய்தான் மூடாது. கெம்பி கல்லைப் பார்த்தாள், நேரே சிங்கராயனிடம் போனாள்.

"ஏனய்யா, கல்லுக்குக் கால் முளைச்சிருச்சா?"

"கல்லு இருக்கிற இடந்தான் எல்லை, எருமைக்காரி. மாசம் முடியறதுக்குள்ள மந்தையை ஓட்டிக்கிட்டுக் கீழ்நாட்டுக்குப் போயிரு."

"கீழ்நாட்டு வெக்கையில என் எருமை ஒரு வாரம் தாங்காதே!"

"அப்போ ஒரு வாரம் இருக்கட்டும்" என்று சிரித்தான் சிங்கராயன்.

கெம்பி அழவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையிறங்கினாள். ஒரு நாள் நடந்தாள், இரண்டு நாள் நடந்தாள், மூன்றாம் நாள் அரண்மனை வாசலில் நின்றாள்.

"ராசா, எங்க கல்லு நடக்குது."

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்து முடித்து, "எங்கேயிருந்து எங்கேம்மா நடக்குது?" என்று கேட்டார். கெம்பி எல்லாவற்றையும் சொன்னாள். ராஜா தாடியைத் தடவிக்கொண்டு, "கல்லை யாரும் நகர்த்தலாம். என் பாட்டன் சத்தியம் பண்ணது உப்புக்குழி பேர்ல. இன்னைக்கு எட்டாம் நாள் நான் மேலே வர்றேன். குழி எங்கே இருக்குன்னு உன் எருமைங்களே காட்டட்டும்" என்றார்.

கெம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வருஷம் இன்னும் குழியில் உப்பு கரைக்கவில்லை, எருமையெல்லாம் உப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. மேலே வந்ததும் வராததுமாக ஜோகியிடம் சொன்னாள். ஜோகி யாரிடம் சொன்னான் என்று நினைக்கிறீர்கள்? சிங்கராயனிடமேதான்! அவன் ஒரு வெல்லக்கட்டியை நீட்டி, "வா மாப்பிள்ளை" என்றானாம். அவ்வளவுதான்.

"எட்டாம் நாள் உன் சாயம் வெளுத்துரும் பாரு! எங்க எருமை நேரா குழிக்குப் போகும்."

"அப்படியா! குழியில எவ்வளவு உப்பு போடுவீங்க?"

"ஒரு பானை, தண்ணியில கரைச்சு."

"ஒரே ஒரு பானையா!" என்று சிங்கராயன் மனசுக்குள் சிரித்தான். மறுநாளே பனி இறங்கினபோது கழுதை முதுகில் பன்னிரண்டு மூட்டை உப்பு ஏற்றிவந்து, தான் நட்ட கல்லோரமாகப் புல்மேலேயே கொட்டினான். பழைய குழிக்கு மண்ணைப் போட்டு மூடி, வேறிடத்தில் புல்லை வேரோடு பெயர்த்துவந்து அதன்மேல் பாய் விரிக்கிற மாதிரி விரித்தான். தூறல் விழுந்து கொட்டின உப்பெல்லாம் கரைந்து மண்ணில் இறங்கியது. கீழ்நாட்டுக்காரன் இல்லையா, உப்பு எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது என்று நினைத்துவிட்டான்.

எட்டாம் நாள் ராஜா வந்தார். குளிரில் பல் தந்தியடிக்க, மூன்று சால்வையைப் போர்த்திக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். "விடும்மா எருமையை" என்றார்.

கெம்பி முதல் எருமையை அவிழ்த்துவிட்டாள். அது இளசு. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது, நேரே சிங்கராயன் கல்லுக்குப் போய் நக்க ஆரம்பித்தது. கெம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவதை அவிழ்த்தாள். அதுவும் அங்கேயே போனது.

"பாத்தீங்களா மகாராஜா! குழி இங்கேதான். இவ பொய்க்காரி!" என்று சிங்கராயன் குதித்தான். ஜோகிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "ஐயோ புள்ள, அந்த வெல்லத்தை நான் தின்னிருக்கக் கூடாது" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கெம்பி அவனை முறைத்தாள். முறைத்துவிட்டு மூன்றாவதை அவிழ்த்தாள். அது சாம்பி. மந்தையிலேயே வயசான எருமை, பதினெட்டு ஈத்து கண்டது. அது ஆடி அசைந்து கல்லுக்குப் போனது, குனிந்து முகர்ந்தது, தும்மியது. திரும்பிக்கொண்டு நடந்தது. ஒரு கூப்பிடு தூரம் நடந்தது, இரண்டு கூப்பிடு தூரம் நடந்தது, மூன்றாவது கூப்பிடு தூரத்தில் நின்று, முன்காலை மடித்து உட்கார்ந்து, கொம்பால் புல்லைப் பெயர்த்தது. புல் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்தது. சாம்பி மண்ணைக் கிளறிக் கிளறி உள்ளே நாக்கை விட்டு நக்கியது.

"ரெண்டுக்கு ஒண்ணு, மகாராஜா! கிழட்டு எருமைக்கு மூக்கு செத்துப்போச்சு!" என்றான் சிங்கராயன்.

"எருமையை விடு ராசா, புல்லைப் பாரு" என்றாள் கெம்பி. ராஜாவைக் குதிரையிலிருந்து இறக்கி, சிங்கராயன் கல்லோரமாகக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு களம் அளவுக்குப் புல்லெல்லாம் மஞ்சளாகிக் கருகிக் கிடந்தது. உப்பு தின்ற புல் பிழைக்குமா?

"நூறு வருசமா நாங்க இங்க உப்பு போட்டிருந்தா, இந்த வாரம் சாகறதுக்கு இங்க ஏது சாமி புல்லு? எப்பவோ செத்து மண்ணாயிருக்காதா?"

அப்புறம் சாம்பி கிளறின இடத்துக்குக் கூட்டிப்போனாள். அடியில் ஒரு வேர் இல்லை, ஒரு தும்பு இல்லை. கன்னங்கரேல் என்று சேறு, அதில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குளம்புத்தடம். ராஜா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. அப்படியே சிரிப்பாக மாறியது.

"என் பாட்டன் வார்த்தை இன்னும் கரிக்குது!" என்றார்.

எருமைக்காரர்கள் போட்ட சத்தத்தில் மேகமே விலகிவிட்டதாம். ஜோகி சாம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்று அழுதான். அது அவனையும் ஒரு நக்கு நக்கியது.

சிங்கராயன் ராஜா காலில் விழுந்தான். "இவன் தலையை எடுத்துரட்டுமாம்மா?" என்று ராஜா கேட்டார்.

"தலை எதுக்கு சாமி, அதுல புல்லு முளைக்காது. செத்த புல்லை உசுராக்கிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அதுதான் தீர்ப்பு. முதல் வேலையாக சிங்கராயன் அந்தக் கல்லைத் தன் முதுகிலேயே தூக்கிப்போய்ப் பழைய இடத்தில் நட்டான். அப்புறம் உப்பேறின மண்ணைக் கூடை கூடையாக வெட்டி, பாறைச் சரிவு வரை சுமந்து கொட்டினான். ஓடையோரத்து நல்ல மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நிரப்பினான். முதல் வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் வருஷம் நாலே நாலு புல் எட்டிப்பார்த்தது, அதன்மேல் வெயில் படாமல் தன் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். மூன்றாம் வருஷம் களம் முழுக்கப் பச்சை. அதைப் பார்த்து அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பினால், கெம்பியின் புதுக்கன்று ஒன்று துள்ளிக்கொண்டு வந்து, அந்தப் பச்சையில் வாயை வைத்து ஒரே இழு!

"ஏய்! மேயாத! மூணு வருசம்டா! மூணு வருசம்!" என்று சிங்கராயன் அலறினான்.

கெம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "புல்லுன்னா மேயத்தான்யா. போ, உனக்கு விடுதலை."

அவன் இறங்கிப் போனான், நாற்பது எருமையும் மேடேறிப் போனது. பிறத்தியார் மண்ணை அள்ள வந்தவன் அந்த மண்ணையே சுமந்துவிட்டுப் போனான். எருமைக்கு வயிறு நிறைந்தது, எனக்கு வாய் வலித்தது, இத்தோடு கூதல்மேட்டுக் கதை கரை சேர்ந்தது.