கண் திறக்காத பூச்சிக் கொலு

அன்று சபையில் இருந்தவர்கள்: ராஜா, அமைச்சர் தாண்டவர், சேனாதிபதி, பொக்கிஷக்காரர், வைத்தியர், சோதிடர், புலவர், மடைப்பள்ளித் தலைவர், அலங்கார அதிகாரி சிங்காரம், சாமரம் வீசும் பெண்கள் இருவர், பொம்மை செய்யும் பூவாயி. ஆகமொத்தம் பன்னிரண்டு பேர்.

இது நடந்தது வெகுகாலத்துக்கு முன்னால், வெண்கரை நாட்டை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டபோது. அந்த ராஜாவின் மனசு காற்றாடி மாதிரி. காலையில் சிரித்த விஷயத்துக்கு மத்தியானம் கோபம் வரும். அந்த வருஷ நவராத்திரிக்கு, “இதுவரை யாரும் பார்க்காத கொலு வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தார். வழக்கமாகப் பொம்மை தேர்ந்தெடுப்பவர் சிங்காரம். அவரை விட்டுவிட்டு அமைச்சர் தாண்டவர் பூவாயியிடம் வேலையைக் கொடுத்தார். சிங்காரத்துக்கு வயிறு எரிந்தது.

பூவாயி கூடையைத் திறந்து பன்னிரண்டு பொம்மைகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் பூச்சிகள். தலைப்பாகை கட்டிய வெட்டுக்கிளி வாளோடு நின்றது. கும்பிடுபூச்சி பஞ்சாங்கம் பார்த்தது. சில்வண்டு தம்பூராவைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்திருந்தது. சாமரம் வீசும் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சாமரத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ராஜாவும் சிரித்தார்.

சிங்காரம் சிரிக்கவில்லை.

“மகாராஜா, இது பூச்சி இல்லை. நம் சபை! தங்களையும் சேர்த்துத்தான் இவள் கேலி செய்திருக்கிறாள்.”

ராஜாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. “என்னையுமா?”

“தங்களையும்தான். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.”

“இந்தப் பொம்மைகளைச் செய்த கட்டைவிரலை வெட்டுங்கள்!” என்றார் ராஜா.

பூவாயி வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். கட்டைவிரல் போனால் களிமண்ணை எதனால் அழுத்துவாள்?  வேலையைக் கொடுத்தது தாம்தானே என்று தாண்டவர் முன்னால் வந்தார். பொம்மைகளைக் குனிந்து பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

“பூவாயி, இதுகளுக்கு ஏனம்மா கண் இல்லை?”

“கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், சாமி. யார் சாயல் வேண்டுமோ அவர் எதிரே வந்து உட்காரணும். அவரைப் பார்த்துப் பார்த்து எழுதுவோம். அதுவரைக்கும் இது யாரும் இல்லை, வெறும் மண்ணு.”

“கேட்டீர்களா அரசே? மண்ணுக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஆனால் சிங்காரத்துக்கு மட்டும் ஆள் தெரிகிறது. அவரே காட்டட்டும். முதலில் தங்களைக் காட்டட்டும்.”

“காட்டும்!” என்றார் ராஜா. “நான் எது?”

சிங்காரம் விரலை நீட்டினார். இருப்பதில் பளபளப்பானது எது என்று தேடி, “இதோ, இந்தப் பொன்வண்டு...” என்றார்.

“பையன்கள் நூல் கட்டி இழுத்துக்கொண்டு திரிவார்களே, அதுவா நான்?”

“இல்லை இல்லை, குளவி! கம்பீரமாக...”

“நான் உம்மைக் கொட்டினேனா?”

“கட்டெறும்பு, மகாராஜா?”

“ஓய்!”

தாண்டவர் மெதுவாகச் சொன்னார்: “அவள் தங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை அரசே. இதுவரை தங்களைப் பூச்சி என்று மூன்று தரம் சொன்னவர் சிங்காரம்தான்.”

சிங்காரம் கையைக் கூப்பினார். “தப்பு என்னுடையது, மகாராஜா. இதில் தாங்கள் இல்லவே இல்லை!”

அங்கேதான் கதை மறுபடி கெட்டது. ராஜாவின் முகம் சுருங்கியது. “இல்லவே இல்லையா? எல்லாரையும் செய்தவள் என்னை மட்டும் விட்டுவிட்டாளா? எங்கே அந்தக் கட்டைவிரல்?”

பூவாயி தாண்டவரைப் பார்த்தாள். தாண்டவர் அசரவில்லை.

“விடவில்லை அரசே. தங்கள் பொம்மையைத் தாங்கள் தேர்ந்தெடுக்காமல் இன்னொருவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? அதனால்தான் பன்னிரண்டையும் கண் திறக்காமல் கொண்டுவந்திருக்கிறாள். விரல் போய்விட்டால் தங்கள் கண்ணை யார் எழுதுவார்கள்?”

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே போனார். சில்வண்டின் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் பாடுவதும் இப்படித்தான். ராத்திரி முழுக்கக் கத்தினாலும் ஒருவரும் நிறுத்தச் சொல்வதில்லை. எழுது, பூவாயி!”

 சொல்லிவிட்டு ராஜாவே சிரித்தார். அதற்குப் பிறகு யார் சும்மா இருப்பார்கள்? சேனாதிபதி ஓடிப்போய் வெட்டுக்கிளியைப் பிடித்தார். புலவர் மின்மினிக்கு முன்னால் விழுந்தார். சோதிடர் கும்பிடுபூச்சி, பொக்கிஷக்காரர் பொன்வண்டு, வைத்தியர் குளவி. சாமரப் பெண்களுக்கு இரண்டு தும்பிகள். “இது எனக்கு ரொம்ப நாள் பழக்கம்” என்று மடைப்பள்ளித் தலைவர் கரப்பானின் எதிரே போய் உட்கார்ந்தார். தாண்டவர் கட்டெறும்பை எடுத்துக்கொண்டார்.

“இனி இந்த அரண்மனைக் கொலு பூவாயி சொல்கிறபடிதான்” என்றார் ராஜா, முகத்தை அசைக்காமல். “கூடை தூக்குவது சிங்காரம். என்ன ஓய், நீர் மட்டும் ஏன் நிற்கிறீர்?”

சிங்காரம் வரிசையை எட்டிப் பார்த்தார். “வேறே என்ன இருக்கு, பூவாயி?”

“இரண்டு இருக்குதுங்க ஐயா. சாணி வண்டு ஒண்ணு, ஈ ஒண்ணு.”

சிங்காரம் சாணி வண்டைப் பார்த்தார். ஈயைப் பார்த்தார். மறுபடி சாணி வண்டைப் பார்த்தார். ராஜாவுக்கு ஒரு கண் எழுதி முடியும் வரைக்கும் யோசித்தார். கடைசியில் சாணி வண்டின் எதிரே மெல்ல உட்கார்ந்தார்.

“கண் கொட்டாம இருங்க ஐயா, சாயல் தப்பிடும்” என்றாள் பூவாயி அவர் முறை வந்ததும், தூரிகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

மிச்சம், ஈ ஒன்று; ஆள், பூவாயி ஒருத்தி.