ஓணானின் தலையாட்டல்

காட்டுக் குளத்தங்கரையில் மான்குட்டிகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கால் மடங்கும், ஐந்தாம் நாள் உயிர் போகும். காட்டு வைத்தியரான கீரி அலைந்து திரிந்து ஒரு வேரைக் கண்டுபிடித்தது. காய்ச்சல் தீருமா, குடித்தவரே தீர்ந்துபோவாரா என்று அதற்கே தெரியாது.

முதலில் தானே குடித்துப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. பாம்பு விஷத்தையே தாங்கும் உடம்பு, அதை வைத்து என்ன சொல்வது?

வேலிமேல் சருகன் என்ற ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மருந்து குடிக்கிறாயா என்று கீரி கேட்டது. சருகன் தலையை ஆட்டியது. கீரி உடனே வாயில் ஊற்றிவிட்டது.

ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது? வெயில் அடித்தாலும் ஆட்டும், சும்மா இருந்தாலும் ஆட்டும். கீரிக்கு இது தெரியாததல்ல. அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் சருகனுக்கு இடது கண் தெரியவில்லை. அதன் தங்கை முள்ளி நேரே கீரியின் வளைக்கு வந்தது.

"எங்க அண்ணன் எப்போ சரின்னு சொன்னான்?"

"தலையாட்டினானே."

"பயந்தாலும் நாங்க தலைதான் ஆட்டுவோம், வைத்தியரே."

வேறு யாராக இருந்தாலும் மான்குட்டிகளைக் காட்டி நியாயம் பேசியிருப்பார்கள். கீரி பேசவில்லை. அன்றே எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டுத் தன் தவற்றைத் தானே சொன்னது. இனி மருந்தால் என்ன கெடுதல் வரலாம் என்று முதலில் சொல்வேன், வாய் திறந்து சம்மதம் சொல்லாதவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கமாட்டேன், நடுவில் போதும் என்றால் அங்கேயே நிறுத்துவேன் என்றது. சருகனுக்குக் கடைசிவரை இரை கொண்டு வருவதும் தன் பொறுப்பு என்றது.

யாரும் முன்வரவில்லை. வெகுநேரம் கழித்து முள்ளி மட்டும் இறங்கி வந்தது.

"கண் போகலாம்னு தெரியும். குட்டிங்க துடிக்கிறதையும் பார்த்துட்டேன். சம்மதம்."

கீரி மருந்தை நீர்க்கக் காய்ச்சி, ஏழு நாள் கொடுப்பதாகத் தொடங்கியது. நாலாம் நாள் முள்ளிக்குப் பார்வை மங்கியது. போதும் என்றது.

பக்கத்தில் ஒரு மான்குட்டி கால் மடங்கிக் கிடந்தது. இன்னும் மூன்று நாள்தானே, முள்ளிக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள் என்று தாய்மான் கெஞ்சி அழுதது. ஆனாலும் கீரி கிண்ணத்தை மண்ணில் கவிழ்த்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் கீரியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மான்குட்டி மறுநாள் இறந்தது. கீரி அழுதது. அழுதுகொண்டே முள்ளிக்கு வந்த மங்கலை யோசித்தது. கெடுதல் வேரின் தோலில் இருக்கலாம் என்று தோன்றியது. முள்ளியின் பார்வை இரண்டே நாளில் தெளிந்தது.

தோல் சீவிய வேரை எடுத்துக்கொண்டு கீரி வெளியே வந்தபோது வளை வாசலில் முயல், அணில், ஆமை என்று ஒரு வரிசையே நின்றது. போதும் என்றால் நிறுத்துகிற வைத்தியர் என்ற பேச்சு காடெங்கும் பரவியிருந்தது.

வரிசையின் முன்னால் நின்றது சருகன். இன்னொரு கண்ணும் போகலாம் என்று கீரி மறைக்காமல் சொன்னது. சருகன் தன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "சம்மதம்" என்றது.

கண் போகவில்லை. அந்த மருந்தைக் குடித்து, மழைக்காலத்துக்கு முன்னால் மீதி மான்குட்டிகள் எல்லாம் எழுந்து ஓடின.

உண்மையைச் சொல்லிக் கேட்டு, போதும் என்றதும் நிறுத்தத் தெரிந்த கையில்தான் உயிர்கள் தம்மைத் தாமே நம்பிக் கொடுக்கும்.