பத்துக்கு ஒன்பது வாங்கிய ரசம்

மார்க் போடுகிறவர் மனசை அறிந்தவர் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். சும்மா சொல்வது. செண்பகபுரி அரசவையில் ஒருத்தி இருந்தாள். பெயர் கோமளவல்லி. ஜனங்களின் மனுக்களை ராஜாவுக்குப் படித்துக் காட்டுவது அவள் வேலை. படிப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள், அதுதான் தொல்லை.

அரண்மனை மடைப்பள்ளியில் ஒரு சமையல் பாடசாலை நடந்தது. ஒவ்வொரு மாணவியும் ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு, வருஷம் முழுக்க அதையே செய்து பழகி, என்னென்ன செய்து பார்த்தாள் என்று ஓலையில் எழுதி, பரீட்சையன்று பண்டத்தையும் ஓலையையும் கொண்டுவந்து வைக்க வேண்டும். பத்துக்கு ஐந்து வாங்கினால் அரண்மனையில் வேலை. மூன்று தடவை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மார்க் போடுகிறவர் போஜன வித்வான் சபேசர். எதற்கு மார்க் போடுகிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நெய் மிதந்தால் போடுவார் என்றாள் ஒருத்தி. வெள்ளிக் கிண்ணத்துக்குத்தான் என்றாள் இன்னொருத்தி. ஓலையின் தலைப்பில் 'சபேசர் திருவடியே துணை' என்று எழுதினால் அரை மார்க் கூட விழும் என்று ஒரு வதந்தி. அந்த வருஷம் இருபத்தேழு ஓலையில் இருபத்தாறிலும் அவர் திருவடிதான்.

எழுதாதவள் வேதவல்லி ஒருத்தி. பூண்டு ரசம் வைப்பவள். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராஜா வீரகேசரிக்கு மனுப் போட்டாள்: "என் ரசத்தில் என்ன குறை என்று சொல்லச் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்."

ராஜா வித்வானைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"முப்பது வருஷ அனுபவம், மகாராஜா. நாக்குக்குத் தெரியும். சொன்னால் விளங்காது."

"சொல்லத் தெரியாததற்கு மார்க் மட்டும் போடத் தெரிகிறதாக்கும்?" என்றாள் கோமளவல்லி.

வித்வானுக்கு மூக்கு சிவந்தது. "ஓலை படிக்கிறவளுக்கு ரசத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் எதற்கு மார்க் போடுகிறேன் என்று இந்த அம்மாளே கண்டுபிடிக்கட்டும், மகாராஜா. முடியாவிட்டால் ஒரு வருஷம் மடைப்பள்ளியில் வெங்காயம் உரிக்கட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். சரி என்றுவிட்டார்.

கோமளவல்லி மடைப்பள்ளிப் பக்கமே போகவில்லை. எதையும் ருசி பார்க்கவும் இல்லை. பத்து வருஷத்து மார்க் ஓலைகளை வாங்கிவந்து தரையில் பரப்பினாள். மேலிருந்து கீழே ஒரு பார்வை. சிரித்தாள். போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

பரீட்சை நாள் வந்தது. அகர வரிசையில் பெயர் கூப்பிடுவது வழக்கம். அன்று பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முதலில் நின்றது: அகல்யா.

பரீட்சை என்றால் வித்வான் முதல் நாளே உபவாசம் இருந்து வருவார். அகல்யா பெயரில் வந்த பூண்டு ரசத்தை உறிஞ்சிக் கண்ணை மூடினார். "அடடா! புளியும் பூண்டும் சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொள்ளாமல் புதுத் தம்பதி மாதிரி அல்லவா இருக்கின்றன! ஒன்பது!"

அம்புஜத்தின் அல்வாவுக்கு எட்டு. ஆண்டாளின் அடைக்கும் எட்டு. கமலத்தின் கொழுக்கட்டைக்கு ஆறு. பதினைந்தாவது ஆள் வந்தபோது வித்வான் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். இருபதாவதில் ஏப்பம் விட்டார். கடைசியாக வேதவல்லி ரசத்தை நீட்டியபோது உதட்டில் பட்டும் படாமலும் வைத்து, "கழுநீர். ஒன்று" என்றார்.

வேதவல்லிக்கு இது மூன்றாவது தோல்வி. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"மகாராஜா, அகல்யா என்று யாருமே கிடையாது," என்றாள் கோமளவல்லி. "முதலில் வந்ததும் இதே ரசம்தான். காலையில் வேதவல்லியிடம் பாதி வாங்கிக்கொண்டேன். மீதி இந்த நிமிஷம்வரை தணலில் சூடாக இருந்தது."

வித்வான் கோபமாக எழுந்திருக்கப் பார்த்தார். வயிறு விடவில்லை. உட்கார்ந்தபடியே கத்தினார்: "என் நாக்கு பொய் சொல்லாது!"

"சொல்லவில்லையே, சுவாமி. ஒன்பது போட்டது உங்கள் பசி. ஒன்று போட்டது உங்கள் ஏப்பம். நாக்குக்கு இதில் வேலையே வரவில்லை. மகாராஜா, பத்து வருஷ ஓலையிலும் அகரத்துப் பெண்கள் அத்தனை பேரும் தேறியிருக்கிறார்கள். வகரத்தில் ஒருத்திகூடத் தேறவில்லை. வள்ளி போனாள், வனஜா போனாள், இப்போது இவள். குறை ரசத்தில் இல்லை, பெயர் வைத்த அப்பனிடம்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "கொண்டா அந்தக் கிண்ணத்தை!" ஒரே மூச்சில் குடித்தார். "பத்து! அரண்மனை வேலை இவளுக்கே!"

வேதவல்லி கும்பிட்டபடி காலில் விழப் போனாள். கோமளவல்லி தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த மார்க் செல்லாது, மகாராஜா."

"என்னது?"

"காலையிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நீங்களும் ஒன்றும் சாப்பிடவில்லை."

"அக்கா, நீங்கள் யார் பக்கம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் வேதவல்லி.

"ரசத்தின் பக்கம். பேசாமல் நில்."

வேறு வழியில்லாமல் ராஜா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். பருப்பு, குழம்பு, கூட்டு, வடை, பாயசம் என்று ஒன்று விடாமல் முடித்து இலையை மடித்தார். அப்புறம்தான் வேதவல்லியின் ரசம் வந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டியவர், மரியாதைக்காக ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இது செல்லும்," என்றாள் கோமளவல்லி.

வேதவல்லிக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது. வித்வானுக்கும் புது விதி வந்தது: ஒரு நாளைக்கு மூன்றே பண்டம், அதுவும் சீட்டுக் குலுக்கி, ஓலையைப் படித்த பிறகுதான் கிண்ணம்.

திண்டில் சாய்ந்து வெற்றிலை மென்றபடி ராஜா கேட்டார்: "கோமளவல்லி, உனக்கு என்ன பரிசு வேண்டும்? இப்போதே கேள்."

"இப்போது வேண்டாம், மகாராஜா. நாளைக் காலையில், நீங்கள் பலகாரம் சாப்பிடுவதற்கு முன்னால் வந்து கேட்கிறேன்."